கூனமேட்டுப் புல் இடம்பெயர்ந்த வருஷங்கள்

2016ஆம் வருஷம் கார்த்திகை மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஏழாயிரம்பண்ணைக்கு வடக்கே கூனமேட்டில் இருந்த புல் அத்தனையும் வேரோடு எழுந்து மேற்குப் பார்த்து நடந்துபோனது. மொத்தம் அறுபத்திரண்டு ஏக்கர் தரிசு. முதலில் கொழுக்கட்டைப்புல் கிளம்பியது. அதன் பின்னால் ஊசிப்புல், பிறகு கொழுஞ்சியும் ஆவாரையும். கடைசியாகப் போன இலந்தைப் புதர்கள் ஒன்றின் முள்ளில் ஒன்று மாட்டிக்கொண்டு தடுமாறியதால் ரோட்டைக் கடக்க நேரமானது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போன வேன்கள் இருபது நிமிஷம் நின்றன. எட்டு மணிக்குக் கூனமேட்டில் வெறும் செம்மண்தான் இருந்தது. வேர் பிடுங்கிய குழிகள் அம்மைத் தழும்பு மாதிரித் தெரிந்தன.

ஒச்சப்பன் அப்போது கண்மாய்க் கரையில் எழுபத்தோரு செம்மறிகளோடு நின்றிருந்தார். வெள்ளை உடம்பில் செம்புள்ளி விழுந்த வேம்பூர் ஆடுகள். இருபது வருஷமாக அந்தத் தரையில்தான் மேய்க்கிறார். நிலம் அவருடையதல்ல. மெட்ராஸில் இருக்கும் யாரோ பட்டாதாரர்களுடையது, அவர்களை ஊரில் எவரும் பார்த்ததில்லை. புல் போவதைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஐப்பசி முழுக்க ஒரு துளி விழவில்லை. முந்தின வருஷத்துப் பெருமழையை வேரில் வைத்துக்கொண்டுதான் ஆவணிவரை பச்சை காட்டியது, புரட்டாசியில் அதுவும் தீர்ந்துவிட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அவரே யோசித்துக்கொண்டிருந்தார். ஆடுகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. முன்னால் நின்ற கிடாய் இரண்டடி எடுத்து வைத்தது. அவர் தடுக்கவில்லை.

நின்றுபோன வேன்களில் ஒன்றில் அவர் மனைவி பொன்னுத்தங்கம் இருந்தாள். அவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் வேலை. மழை பெய்தால் மருந்து காயாது, கம்பெனிக்கு லீவு. வெயில் நின்று அடித்தால் கம்பெனி ஓடும், தரையில் புல் இராது. ஆகவே கல்யாணமான நாளிலிருந்து இருவரில் ஒருவருக்குத்தான் பிழைப்பு இருந்தது. அந்த ஒருவர் யார் என்பதை வானம் முடிவுசெய்தது. இரண்டு பேருக்கும் பிழைப்பில்லாத வருஷம் என்று ஒன்று வரவில்லை என்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. அவள் வேனைவிட்டு இறங்கி, ஆவாரைச் செடிகள் கடந்துபோகும்வரை காத்திருந்து, அவரிடம் வந்தாள்.

"எம்புட்டு நாளைக்குப் போறீக?"

"அது எங்கன போயி நிக்கிதோ அதுவரைக்கும்."

"ஆர்த்திக்கு அரைப் பரீட்சை வருது. அதுக்குள்ள வந்துருவீகளா?"

"அதைப் புல்லுகிட்டத்தான் கேக்கணும்" என்றார் ஒச்சப்பன்.

ஒன்பது நாள் நடந்தார்கள். வெம்பக்கோட்டை அணை வறண்டு கிடந்ததால் சுற்றிப்போக வேண்டியிருக்கவில்லை, வெடித்த வண்டல் மேலேயே போய்விட்டார்கள். புல்லின் பின்பக்கத்தை ஆடுகள் மேய்ந்துகொண்டே போயின, புல் அதற்காக வேகத்தைக் கூட்டவில்லை. ராஜபாளையத்துக்கும் அப்பால், மலையடிவாரத்தில் போன வாரம் நல்ல மழை விழுந்த ஒரு சரிவில் ஏறி வேர் இறக்கியது. வனக்காவலர் அருள்பாண்டி நோட்டோடு வந்தார். "ஆட்டுக்குன்னா எழுதிக்கிருவேன். புல்லு உள்ள வந்தா எந்தப் பாரத்துல எழுதன்னு தெரியலையே, அண்ணாச்சி" என்று நெடுநேரம் நின்று யோசித்துவிட்டு, 'மேய்ப்பவர் உடன் கொண்டுவந்த தீவனம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப்போனார். அங்கே ஏற்கெனவே இருந்த மலைப்புல் இடம் கொடுக்கவில்லை. கூனமேட்டுப் புல் பாறை இடுக்குகளில் ஒடுங்கி நின்றது. சித்திரையில் ஒச்சப்பன் ஊர் திரும்பும்போது நாற்பத்து நான்கு ஆடுகள் இருந்தன. புல் அவரோடு வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் கூனமேட்டில் மழை பெய்தது. பழுதில்லாத மழை. ஆனால் புல் வராததால் தண்ணீர் மொட்டை மண்மேல் விழுந்து, சிவப்பாக ஓடி, கண்மாயில் கொஞ்சம் சேர்ந்து, மீதி வெயிலில் ஆவியாகிப் போனது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மழை இருந்தும் புல் இல்லாத தரையை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பியூலா டீச்சர் மட்டும் இதில் ஒன்றும் விசேஷம் இல்லை என்றார். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பள்ளிக்கூட மாடியில் ஒரு தகர டப்பா வைத்து மழையை அளப்பார், தை மாதம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூனமேட்டில் புல்லை ஸ்கேலால் அளப்பார். பதினாலு வருஷத்துக் கணக்கு. "புல்லு இந்த வருசத்து மழைய நம்பாது. போன வருசம் பெஞ்சிருந்தாத்தான் இந்த வருசம் எந்திரிக்கும். இப்ப பெஞ்சதுக்கு அடுத்த வருசம் வரும் பாருங்க" என்று ஒச்சப்பனிடம் சொன்னார். நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவருக்கே பிடிபடாத ஒன்று இருந்தது. முன்பு அதே அளவு மழைக்கு இடுப்புவரை வந்த புல், இப்போது முழங்கால்வரைதான் வந்திருந்தது. இடையில் இருந்த மழையை வெயில் எடுத்துக்கொண்டது என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

டீச்சர் சொன்னபடி 2018 ஐப்பசியில் புல் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. வெறுந்தரையில் வேலிக்கருவை உட்கார்ந்துவிட்டது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் எங்கும் போகாத செடி அது. இன்னொன்று, கிராம நிர்வாக அலுவலர் ஜெபசுந்தர் பதிவேட்டில் எதையாவது எழுதியாக வேண்டுமே என்று, 'தரிசு. புல் பூண்டு இல்லை' என்று எழுதியிருந்தார். உள்ளதைத்தான் எழுதினார். சுற்றிலும் புல் பூண்டு இல்லாத நிலம்தான் பட்டாசு லைசென்சுக்குத் தோது என்பதால், ராஜபாண்டியன் என்ற முதலாளி அந்த ஒரு வரியைக் காட்டி நாற்பது ஏக்கரைப் பேசி முடித்தார். கம்பி வேலி போட்டு, உள்ளே வடக்கு வரிசையில் ஒன்றுமுதல் பதினாறுவரையும் தெற்கு வரிசையில் பதினேழுமுதலுமாக முப்பத்திரண்டு அறைகள் எழுப்பினார். புல் வந்தபோது வேலி நின்றது. போனதில் பாதிகூட வரவில்லை. வந்தது மூன்று நாள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தது. நான்காம் நாள் கம்பிக்கு அடியில் நுழைந்து, தன் பழைய குழிகளைத் தேடி, அறைகளுக்கு நடுவிலும் வாசல்களிலும் போய் இறங்கிக்கொண்டது.

பொன்னுத்தங்கம் அந்தக் கம்பெனிக்கே மாறிக்கொண்டாள், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். போர்மேன் மணிகண்டராஜ் நல்ல மனுஷன். அறைகளைச் சுற்றிப் புல் இருக்கக் கூடாது என்பது சட்டம், வெட்ட ஆள் விட்டால் வேலை கெடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒச்சப்பனின் ஆடுகளை உள்ளே விட ஏற்பாடானது. திங்கள் காலை பெண்கள் வரும்போது வாசல்கள் மழித்த தலை மாதிரி இருக்கும். ஐந்து வருஷம் இது நடந்தது. மழை குறைந்த வருஷம் ஆடுகளுக்கு அரை வயிறு, நிறைந்ததற்கு அடுத்த வருஷம் முழு வயிறு. ஆர்த்தி நர்சிங் முடித்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இப்படியே போயிருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

2023 மார்கழி பிறந்த கையோடு இரண்டு நாள் இடைவிடாமல் பெய்தது. கண்மாய் உடைந்தது, கம்பெனிக்குள் முழங்கால் தண்ணீர். நாற்பது நாள் வேலை இல்லை. தையில் தண்ணீர் வடிந்தபோது புல் எழுந்த வேகத்தைப் பார்த்துப் பியூலா டீச்சரே பயந்துபோனார். அவர் நோட்டில் இருந்த வழக்கத்தை மீறி, அடுத்த வருஷத்துக்குக் காத்திராமல் அப்போதே எழுந்தது. மாசியில் ஊசிப்புல் ஆள் உயரம் தாண்டியது. ஆட்டைக் காணோமென்றால் மணிச் சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். அந்த மாதம் சோதனைக்கு வந்த அதிகாரிகள் ஓர் அறை வாசலில் ஆட்டுப் புழுக்கையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது, இனி ஆடு உள்ளே வரக் கூடாது. பங்குனியில் வெயில் ஆரம்பித்தது. பத்தே நாளில் அத்தனை புல்லும் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, காற்றில் காகிதம் மாதிரிச் சத்தம் போட்டது.

ஒச்சப்பன் கம்பெனி கேட்டில் போய் நின்றார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் விடுங்க போர்மேன். ரெண்டு பக்கமும் தின்னு மிதிச்சு வச்சிரும்."

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி. எழுதிட்டுப் போயிட்டாக. மொதலாளி வேண்டாம்னுட்டாரு."

"அப்ப ஆள் விட்டு வெட்டுங்க."

"நாப்பது நாள் ஆர்டர் தேங்கிக் கெடக்கு. யாரை விட?" மணிகண்டராஜ் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் வெட்டிருதேன். நீங்க போங்க."

அன்றைக்குச் சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தங்கத்திடம், வெட்டுகிறவரை வேலைக்குப் போக வேண்டாம் என்றார். அவள் குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள். "நான் போகாட்டி அந்த எடத்துல வேற ஒருத்தி உக்காருவா. அவ வீட்டுலயும் இப்பிடித்தான் சொல்லுவாக." அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிற்பாடு நினைத்தார், என்ன பேசியிருப்பார் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பங்குனி இருபத்திரண்டாம் தேதி பகல் பன்னிரண்டு நாற்பதுக்குக் கழிவு எரிக்கிற குழியிலிருந்து கிளம்பிய பொறி கீழவேலி ஓரத்துப் புல்லில் விழுந்தது. கீழ்க்காற்று. ஒச்சப்பன் வேலிக்கு வெளியே வேலிக்கருவை நிழலில் ஆடுகளோடு இருந்தார். புகையைப் பார்த்ததும் அவர் முதலில் செய்தது, புல்லைப் பார்த்துக் கத்தியது. போ, எந்திரிச்சுப் போ, எங்கனயாவது போ என்று கத்தினார். புல் நின்றது. எட்டு வருஷம் முன்னால் அறுபத்திரண்டு ஏக்கரையும் ஒரு மணி நேரத்தில் காலிசெய்த புல், தீ நெருங்கியபோது ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. தீ பட்ட இடத்தில் நின்றபடியே எரிந்தது.

அவர் வேலியை அறுத்தார். ஐம்பத்து மூன்று ஆடுகள். அவற்றை ஒரே கூட்டமாக ஓட்டி அறைகளுக்கும் தீக்கும் நடுவில் புல்லை மிதிக்க வைத்தால் பத்தடி அகலத்துக்கு வெறுந்தரை விழும், தீ அங்கே தயங்கும். ஆனால் ஐம்பத்து மூன்று ஆடுகள் ஒரு வரிசைக்குத்தான் காணும். வடக்கா, தெற்கா என்று அவர் நிற்கவே இல்லை. தையிலிருந்து பொன்னுத்தங்கம் வடக்கு வரிசை ஏழாம் அறையில் உட்காருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். வடக்கே ஓட்டினார். ஆடுகள் பயந்து கத்திக்கொண்டு ஓடின, திரும்பின, அவர் கம்பை வீசி மறுபடியும் ஓட்டினார். மூன்று தடவை குறுக்கும் நெடுக்கும். புல் விழுந்தது. தீ வந்து, மிதிபட்ட இடத்தில் குனிந்து, தணிந்து நின்றது. வடக்கு வரிசைப் பதினாறு அறைகளிலும் இருந்த அறுபத்தோரு பேரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அன்று காலை தெற்கு வரிசை பத்தொன்பதாம் அறையில் ஒருத்தி வரவில்லை என்று மணிகண்டராஜ் பொன்னுத்தங்கத்தை அங்கே மாற்றி விட்டிருந்தார். தெற்கு வரிசைக்காரர்கள் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, தலைக்கு மேல் நின்ற புல்லில் தீ எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. மேற்கே ஓடியவர்கள் பிழைத்தார்கள். வேறு வழி தெரியாமல் மூன்று பேர் அறைக்குள்ளேயே திரும்பினார்கள். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் பத்தொன்பதும் இருபதும் வெடித்துப் போயின. சத்தம் வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்டது. அடையாளம் சொல்ல ஆர்த்தி மதுரையிலிருந்து பிணவறைக்கு வந்தாள். அவள்தான் உள்ளே போனாள், அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வந்து தலையை மட்டும் அசைத்தாள்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். மணிகண்டராஜ் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, வாசலிலேயே நின்று, உள்ளே வரச் சொல்லி யாரும் சொல்லாததால் திரும்பிப் போனார். வடக்கு வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒச்சப்பன் கையைப் பிடித்து அழுதார்கள். அவர் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் அவர்களைக் காப்பாற்றப் போகவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனி மாதம் ஒருநாள் ஆர்த்தியிடம் மட்டும் சொன்னார். "அவ அங்கன இருக்கான்னுதான் ஓட்டுனேன். இல்லைன்னு தெரிஞ்சிருந்தா அந்த அறுபத்தோரு பேரையும் விட்டுட்டுத் தெக்க போயிருப்பேன்."

"தெரியும்ப்பா" என்றாள் ஆர்த்தி.

எரிந்த தரை அந்த ஐப்பசியில் மறுபடியும் முளைத்தது. வேர் எரியவில்லை. சாம்பலும் மருந்து உப்பும் சேர்ந்து, ஊரில் யாரும் பார்த்திராத கரும்பச்சை. பத்தொன்பதாம் அறை இருந்த இடத்தில் மற்ற இடங்களைவிட அடர்த்தி. ஒச்சப்பன் ஆடுகளை அந்தப் பக்கம் விடவில்லை. தீக்குத் தப்பி எஞ்சிய முப்பத்தொன்பதை ரோட்டோரமும் ஓடைக்கரையும் மேய்த்தார். அவை மெலிந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அளக்கப் போன பியூலா டீச்சர் பாதி வழியிலேயே திரும்பி வந்து, அந்த வருஷத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

2025இல் சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம் மழை பெய்தது. மல்லாங்கிணறு வரைக்கும் பெய்தது. கூனமேட்டில் பெய்யவில்லை, மேகம் எல்லை வரைக்கும் வந்து ஒதுங்கிப் போனது. கார்த்திகை இரண்டாம் வாரம் புல் எழுந்தது. எல்லாரும் மேற்கே போகும் என்று எதிர்பார்த்து வழிவிட்டு நின்றார்கள். அது ரோட்டைக் கடக்காமல் ஊருக்குள் திரும்பி, பஞ்சாயத்து போர்டு தெரு வழியாக வந்து, ஒச்சப்பன் வீட்டு முன்னால் நின்றது. முன்வரிசை வாசலில் நின்றது, பின்வரிசை தேரடியையும் தாண்டி நின்றது. ஜனங்கள் பக்கவாட்டில் நடந்து கடைக்குப் போனார்கள். யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை.

அவர் வெளியே வரவில்லை. முதல் நாள் முதுகைக் காட்டி உள்ளே படுத்திருந்தார். லீவில் வந்திருந்த ஆர்த்தி சாப்பிடக் கூப்பிட்டாள், வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வாசலில் வந்து நின்று முன்னால் நின்ற ஊசிப்புல்லைப் பார்த்துப் பேசினார். சத்தம் போடவில்லை, வழக்கு விசாரிக்கிற குரல்தான்.

"அன்னைக்கு அம்புட்டுக் கத்து கத்துனேன். போ போன்னேன். நின்னயே."

புல் நின்றது.

"அதுக்குத் தண்ணிய மட்டுந்தான்ப்பா தெரியும்" என்றாள் ஆர்த்தி பின்னாலிருந்து. "தீயப் பத்தி அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அப்ப இங்கன எதுக்கு வந்து நிக்கிது? இங்கன என்ன மழையா பெய்யுது?"

ஜெபசுந்தர் வந்து பார்த்து, நிலத்தை விட்டு வீட்டு வாசலுக்கு வந்த புல்லை எந்தச் சர்வே எண்ணில் சேர்ப்பது என்று தாலுகா ஆபீஸுக்கு எழுதிக் கேட்டார். மூன்றாம் நாள் விடிந்ததும் புல்லின் ஓரங்கள் பழுக்க ஆரம்பித்திருந்தன, மண்ணில் இல்லாத வேர்கள் தெருவில் சுருண்டு கிடந்தன. பட்டியில் ஆடுகள் கத்தின. இன்னும் ஒரு நாள் நின்றால் இங்கேயே செத்துப்போகும் என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாட்டினார். ஆர்த்தி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள், கூடவே ரத்தக்கொதிப்பு மாத்திரையை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அவர் பட்டிப் படலைத் திறந்தார். புல் திரும்பியது.

வெம்பக்கோட்டைக்கு அந்தப்பக்கம், வைப்பாற்று மணலில் இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. வயது ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தார். ஆடுகள் படுத்துக்கொண்டன. மேற்கே மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, அதன் வாசம் இங்குவரை வந்தது. புல் அந்தத் திசையில் சாய்ந்து நின்றது, ஆனால் போகவில்லை. அவர் சாப்பிட்டு முடித்து, ஊற்றுத் தோண்டிக் கை கழுவி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்திரிக்கும்வரை நின்றது. பிறகு எல்லாரும் கிளம்பினார்கள்.